பூ இல்லாத கழுத்துப்பட்டி

தெக்லா ஹெர்ட்டலுக்கு எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே ஊசியில் நூல் கோக்கத் தெரியும். இதில் பெருமை ஒன்றுமில்லை. பிளாவன் நகரத்தில் மில் பக்கம் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். அப்பன் லேஸ் மில்லுக்குப் போவான். அம்மா வீட்டில் உட்கார்ந்து லேஸின் ஓரத்தை வெட்டி வெட்டிப் போடுவாள். பிள்ளை ஜன்னல் வெளிச்சத்தில் ஊசி கோத்துத் தள்ளும். சின்ன விரலுக்குத்தான் அந்த வேலை வேகமாக வரும். இரண்டாவது பிள்ளை எப்போது என்று எங்கள் ஊரில் விசாரிப்பார்களே, அது ஊசி கோக்க இன்னொரு கை எப்போது வரும் என்று கேட்பது மாதிரிதான்.

எட்டு வருடம் பள்ளிக்கூடம் போனாள். கணக்கு சுமார். பாட்டு மோசம். படம் வரைவதில் மட்டும் வாத்தியார் அவள் மேசைப் பக்கம் வந்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார். ஒருநாள் அவளுடைய அம்மா செல்மாவைக் கூப்பிட்டனுப்பி, "உங்க பொண்ணுக்கு நல்ல கை இருக்குங்க" என்றார்.

"கை எல்லாருக்கும்தான் இருக்கு. ஊசி கோக்க ரெண்டும் வேணும்" என்று சொல்லிவிட்டு செல்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதினாலு வயதில் தெக்லா மில்லுக்குள் நுழைந்தாள். அப்பா ஆல்வின் ஓட்டிய மெஷினிலேயே நூல் பார்க்கும் வேலை. மெஷின் பத்து மீட்டர் நீளம். இரண்டு அடுக்கில் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவாக ஊசிகள். ஒரு கோடியில் ஆல்வின் உட்கார்ந்திருப்பார். எதிரே பலகையில் படம் குத்தியிருக்கும். லேஸைப் போல ஆறு மடங்கு பெரிய படம். ஊசி எங்கெங்கே இறங்க வேண்டுமோ அத்தனையும் அதில் கோடு கோடாக இருக்கும். ஒரு கம்பியின் நுனியை அந்தக் கோடு ஒவ்வொன்றின் முனையிலும் அவர் கொண்டு வைப்பார். அதற்கேற்ப அங்கே துணி நகரும், ஊசிகள் எல்லாம் ஒன்றாகக் குத்தும். அவர் கை ஒரு இடத்தில் கோணினால் பத்து மீட்டரிலும் பூ கோணும். அவர் கை கோணி யாரும் பார்த்ததில்லை. படத்தில் இருக்கும் கோட்டைத் தவிர ஒரு தையல் கூடப் போடமாட்டார், ஒரு தையல் விடவும் மாட்டார். அதற்காகவே அவரை மேஸ்திரிக்குப் பிடிக்கும், அதற்காகவே பிடிக்கவும் பிடிக்காது.

தெக்லா மெஷின் நெடுக நடந்து நடந்து அறுந்த நூலைத் தேடுவாள். பார்த்தால் முடிச்சுப் போடுவாள். எட்டரை மணிக்குக் காப்பி வேளை. மற்றப் பெண்கள் ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டு ஊர்க்கதை பேசும்போது இவள் வேண்டாத பழைய படங்களின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருப்பாள். முற்றத்தில் நிற்கும் லிண்டன் மரம், டிராம் கம்பி, தொட்டிக்கொட்டகை மில்டாவின் கை என்று எது கிடைத்தாலும் வரைவாள்.

மில்டாவைச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை, வாய் இரண்டு ஆளுக்கு இருக்கும். அவளிடம்தான் லேஸ் கடைசியாக வரும். பட்டுத் துணியில் பருத்தி நூலால் பூத்தையல் போட்டு அனுப்புவார்கள். அதைச் சோடாக் காரம் கலந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் பட்டு கரைந்துபோகும், பருத்தி மட்டும் மிஞ்சும். அந்த மிச்சம்தான் லேஸ். ஒரே ஒரு விஷயம். பூவுக்கும் பூவுக்கும் இடையில் நூல் பாலம் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடித்துணி போனதும் பூ ஒவ்வொன்றும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இது எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

நகரத்து மேட்டில் கலைத்தொழில் பள்ளி இருந்தது. அதில் மாதிரி வரையும் வகுப்பு என்று ஒன்று. அதில் படித்து வெளியே வந்தவன் வரைந்த படம்தான் மில் மில்லாகப் போய் லேஸாகி, லண்டன் வரை போகும். தெக்லாவுக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறெதுவும் வேண்டாம். பெண்களுக்கு அங்கே ஒரு கைவேலை வகுப்பு உண்டு, தலையணை உறையில் பெயர் தைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். மாதிரி வரையும் வகுப்பில் பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆனால் வயது மட்டும் எழுதியிருந்தது. பத்தொன்பது தொட்டுவிட்டால் பரீட்சைக்கே உட்கார முடியாது.

1925 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்மா அரைத்த உருளைக்கிழங்கு உருண்டைகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது தெக்லா சொன்னாள்.

"அப்பா, மேட்டுப் பள்ளியில பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்கேன்."

ஆல்வின் உருண்டையை முள்கரண்டியால் இரண்டாகப் பிளந்தார். "எந்த வகுப்பு?"

"மாதிரி வரையுற வகுப்பு."

"அங்க மில்லுக்காரன் பசங்கதானே படிக்கிறானுங்க."

"படம்தானே கேக்குறாங்க. மில்லு வச்சிருக்கியான்னா கேக்குறாங்க?"

"இந்த வாய்க்கே இடம் குடுத்துருவாங்க" என்றாள் செல்மா.

ஆல்வின் மென்று முடித்தார். "இருபத்தோரு வயசு ஆகுறவரைக்கும் என் கையெழுத்து இல்லாம எங்கயும் சேர முடியாது. தெரியும்ல?"

"தெரியும். போடுவீங்களா?"

"ஜெயிச்சுட்டு வா. பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். குழம்ப இங்கிட்டுத் தள்ளு."

பரீட்சை எப்படி என்றால், மூன்று நாள் பள்ளியில் உட்கார்ந்து ஒரு கழுத்துப்பட்டிக்கு ஆறு மடங்குப் படம் வரைய வேண்டும். படத்தில் பெயர் கிடையாது, நம்பர்தான். தைப்பதும் கரைப்பதும் எங்கள் மில்லில். ஓரமாக இருக்கும் சின்ன மாதிரி மெஷினில் ஆல்வின்தான் வருடா வருடம் தைத்துக்கொடுப்பார். அவர் அளவுக்கு நேர்மையான கை வேறு யாருக்கும் இல்லை என்று பள்ளிக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் தைத்து முடிந்த கடைசி நாள் பரீட்சைக் குழுவினர் கறுப்புக் கோட்டோடு தொட்டிக்கொட்டகைக்கு வருவார்கள். பரீட்சை எழுதினவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். மரத்துடுப்பால் அவரவர் லேஸை அவரவரே தொட்டியிலிருந்து தூக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

தெக்லா முதல் தடவை என்ன செய்தாள் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. லிண்டன் பூக்கொத்து பதினொன்று வரைந்தாள். காற்றில் உதிர்கிற மாதிரி, ஒன்றையொன்று தொடாமல். பார்த்தால் மூச்சு நிற்கும். பாலம் ஒன்று கூடப் போடவில்லை. தெரியாமல் இல்லை. மில்லில் பெரிய வரைகாரர்கள் பூவை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பாலம் போடுவது பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் சில்லறைச் சம்பளக்காரன் வேலை. பாலம் போட்டால் தன்னை அந்தப் பின்கட்டு ஆள் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். தைக்கும்போது நாலு இடத்தில் இழுத்து முடிச்சுப் போட மில்லில் ஆள் உண்டு, இங்கே அப்பாவே உண்டு என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

ஒன்பதாம் நம்பர் துணி தொட்டியில் இறங்கியது. பட்டு கரைந்தது. தெக்லா துடுப்பை உள்ளே விட்டுத் தூக்கினாள். துடுப்பில் ஒரு கொத்து வந்தது. மற்றப் பத்தும் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன.

குழுவில் லேஸ் வியாபாரி ராம்பாஹ் இருந்தார். தொப்பையும் தங்கச் சங்கிலியும் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். தொட்டியை எட்டிப் பார்த்து, "கீரை சூப்பு. உப்பு மட்டும் பாக்கி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைமை வகித்த பேராசிரியர் ஸோஃபல் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"நம்பர் ஒன்பது. அழகான படம். லேஸ் இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

தெக்லா நேராக மெஷின் கூடத்துக்குப் போனாள். ஆல்வின் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் கைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லயா?"

"தெரிஞ்சுது."

"பாலம் இல்லன்னு தெரிஞ்சுதா?"

"குருடனுக்கும் தெரியும்."

"நாலு தையல்! பூவுக்குப் பூ நாலு தையல் போட்டிருந்தா நின்னிருக்கும்ல! பெத்த பொண்ணுக்கு அதுகூட..."

"வரஞ்சத தைக்கிறதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. வரையுறதுக்கு உன்னைக் கூப்பிட்டாங்க." எண்ணெய்க் குப்பியை மூடினார். "உன் வேலைய நீ செஞ்சியா?"

கேள்வி சரி என்பதாலேயே கோபம் இரண்டு மடங்கானது. அதன் பிறகு ஒரு வருடம் அப்பாவும் மகளும் ஒரே மெஷினில் நின்றார்கள், வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினார்கள். வீட்டிலும் அப்படித்தான். செல்மா நடுவில் நின்று, "உங்கப்பா உப்பு கேக்குறார்", "உங்க பொண்ணு உப்பு தர்றா" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

மில்டா மட்டும் விடவில்லை. காலையில் தெக்லாவைப் பார்த்தாலே, "வாம்மா ஒன்பது! இன்னைக்கு சூப்பு உண்டா?" என்பாள். தெக்லா முறைப்பாள். ஒரு வாரம் கழித்து மில்டாவே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே பதினொரு லிண்டன் கொத்தும் இருந்தன, கழுவி இஸ்திரி போட்டு.

"சல்லடையில மாட்டுச்சு. தூக்கிப் போட மனசு வரல. சனியன், அழகா இருக்கு."

அந்த ஆகஸ்டில்தான் மில்லில் அந்தக் கூத்து நடந்தது. ஒரு வியாபாரி, பூ மினுமினுக்க வேண்டும், பட்டு நூலில் தையுங்கள் என்று கேட்டிருந்தான். அந்தச் சரக்கில் முதலில் அடியில் பருத்தி நூலால் பாலங்களை வலை மாதிரி தைத்துவிட்டு, அதன்மேல் பூவைத் தைப்பார்கள். மேஸ்திரி பூவுக்குப் பட்டு நூல் மாட்டச் சொன்னார். சரி. அடித்துணியும் பட்டு என்பதை யோசிக்கவில்லை. பத்து மீட்டர் சரக்கு தொட்டியில் இறங்கியது. பட்டுத் துணி கரைந்தது. பட்டுப் பூவும் கூடவே கரைந்தது.

மில்டா போட்ட கூச்சலில் கூடமே காலியாகி எல்லாரும் தொட்டிக்கு ஓடினார்கள். மேஸ்திரி தலையில் கை வைத்து நின்றார். "பூ எங்கடி? பூ எங்க?"

"குடிச்சிருச்சு, தொட்டி! என்னைக் கேட்டா? நூல மாட்டச் சொன்ன வாயக் கேளு!"

துடுப்பில் தொங்கியது வெறும் பாலம். பூ இருந்த இடமெல்லாம் பொத்தல். ஆனால் பிய்ந்து போகவில்லை. ஒரு முனையைத் தூக்கினால் மறு முனை வரை வந்தது. மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது தெக்லா மட்டும் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படரும்போது ஒரு கீற்று இன்னொரு கீற்றைத் தேடிப்போய்த் தொடுமே, அந்த மாதிரி இருந்தது. இதை யாரும் அழகுக்காக வரையவில்லை. பின்கட்டு ஆள், பூ விழாமல் இருக்க என்று நினைத்துப் போட்ட கோடு. இத்தனை காலம் பூவுக்குக் கீழே ஒளிந்திருந்தது.

"மில்டா, இதுல ஒரு முழம் எனக்கு வேணும்."

"பத்து மீட்டரும் எடுத்துக்கோ. மேஸ்திரிக்குத் தூக்குப் போட ஒரு முழம் விட்டு வை."

அன்றிலிருந்து தெக்லா பூ வரைவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாலம்தான். எந்தக் கோடு எதைத் தாங்குகிறது, எதை எடுத்தால் எது சரியும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். தாங்குகிற கோடே அழகாக இருக்க வேண்டும், அழகுக்கென்று தனியாக ஒன்றும் இருக்கக்கூடாது. கிழித்தது எத்தனை என்று கணக்கில்லை. அடுப்பு எரிக்கப் பேப்பர் வாங்கவே வேண்டியிருக்கவில்லை அந்தக் குளிர்காலத்தில்.

1926 மார்ச். அவளுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் பத்தொன்பது. இதுதான் கடைசி என்று அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். மூன்று நாள் சம்பளமில்லா விடுப்புக் கேட்டதற்கு மேஸ்திரி, "போ. உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கிறேன். தோத்துட்டு வந்து நிக்காத" என்றார். போனாள். பதினாலாம் நம்பர் கிடைத்தது. மூன்று நாளில் ஒரு கழுத்துப்பட்டி வரைந்தாள். அதில் பூ இல்லை, இலை இல்லை, பறவை இல்லை. ஒன்றையொன்று தேடிப்போகிற கோடு மட்டும்.

ஆல்வின் அதைத் தைத்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவர்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

கடைசி நாள் காலை கறுப்புக் கோட்டுகள் வந்தன. பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் ராம்பாஹின் தங்கை மகனும் அதில் ஒருவன். ஆறாம் நம்பர். அவன் ரோஜாவாக வரைந்திருந்தான், தோட்டமே இருந்தது. பாலம் என்று பேருக்கு ஒற்றை நூல். துடுப்பில் தூக்கும்போது அது பட்டென்று விட்டுப்போய்ப் பாதித் தோட்டம் தொட்டிக்குள் விழுந்தது. ராம்பாஹ் இந்தத் தடவை சூப்பைப் பற்றிப் பேசவில்லை. மில்டா பேசினாள்.

"உப்பு போடட்டுமாங்க?"

பதினாலு. தெக்லா துடுப்பை இறக்கினாள். தூக்கினாள். தண்ணீர் ஒழுக ஒழுகக் கழுத்துப்பட்டி முழுசாக மேலே வந்தது. ஒரு நூல் தொங்கவில்லை.

மில்டா அதை அலசி, துணியில் சுற்றிப் பிழிந்து, இஸ்திரி போட்டு, கறுப்பு வெல்வெட்டில் வைத்தாள். ஸோஃபல் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"பூ எங்கே?" என்றார் கடைசியில்.

"பூ முங்கிப் போயிடும், ஹெர் புரொபஸர். தாங்குறது இதுதான். அதான் இத மட்டும் வரஞ்சேன்."

"இத யார் வாங்குவா? எலும்பு மட்டும் இருக்கு, கறியக் காணோம்" என்றார் ராம்பாஹ்.

மில்டாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். காரம் பட்டுச் சிவந்த கை, வியர்வையில் ஒட்டின தலைமயிர், நீல வேலைச்சட்டை. அதன்மேல் அந்த வெள்ளைக் கோடுகள். மில்டா மில்டாவாகவே இருந்தாள். ஆனால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டிய ஆள் மாதிரி இருந்தாள்.

"நான் வாங்குவேன்" என்றாள் மில்டா.

ஸோஃபல் நோட்டில் எழுதினார். எழுத்தர் பட்டியலைப் பார்த்து, "பதினாலு... தெக்லா ஹெர்ட்டல்" என்று வாசித்தார்.

ராம்பாஹ் சட்டென்று திரும்பினார். "ஹெர்ட்டலா? தைக்கிறவன் பேரும் ஹெர்ட்டல்தானே? அப்பனா?" மில்டா தலையாட்டினாள். "அதான பாத்தேன்! ஒரு நூல் தொங்கல. இவ்வளவு சரியா ஒரு சின்னப் பொண்ணு வரைவாளா? அப்பன் தைக்கும்போது சேர்த்துத் தெச்சுக் குடுத்திருக்கான். இத ரத்து பண்ணணும்."

எந்த அப்பா நாலு தையல் போடவில்லை என்று தெக்லா ஒரு வருடம் பேசாமல் இருந்தாளோ, அந்த அப்பா தையல் போட்டார் என்று இவர் சொல்கிறார்.

ஆல்வினைக் கூப்பிட்டனுப்பினார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ராம்பாஹைப் பார்க்கவில்லை. ஸோஃபலைப் பார்த்துப் பேசினார்.

"போன வருஷம் ஒன்பதாம் நம்பர் இவளோடது. நான்தான் தெச்சேன். நாலு தையல் போட்டிருந்தா நின்னிருக்கும். எனக்குத் தெரியும். நான் போடல. அது இந்தத் தொட்டியில மிதந்தத நீங்க எல்லாரும் பாத்தீங்க, சிரிச்சீங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷமா என் பொண்ணு என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அப்பவே போடாதவன் இப்பப் போடுவேனா?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் ராம்பாஹ்.

"பேச்சு வேணாம். படம் இருக்கு, லேஸ் இருக்கு. தையல எண்ணுங்க. ஒண்ணு கூடினாலும் சரி, ஒண்ணு குறஞ்சாலும் சரி, அவளையும் தள்ளுங்க, என்னையும் வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுங்க." தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீங்க எண்ணிக்கிட்டு இருங்க. எனக்கு மெஷின் நிக்குது." போய்விட்டார். முடிவைக் கேட்கக்கூட நிற்கவில்லை.

எண்ணினார்கள். ஸோஃபல் பூதக்கண்ணாடி வைத்து லேஸை, எழுத்தர் பென்சில் வைத்துப் படத்தை. கழுத்துப்பட்டியின் ஒரு பாதிக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு தையல். படத்திலும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு கோடு. ராம்பாஹ் தானே எண்ணுவேன் என்று கண்ணாடியைப் பிடுங்கினார். அவருக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பத்தொன்பது வந்தது. முகம் மலர்ந்தது.

மில்டா எட்டிப் பார்த்தாள். "அது தையல் இல்லீங்க. உங்க மீச மயிர்."

ஊதிப் பார்த்தார்கள். பறந்துபோனது. இந்தத் தடவை கொட்டகையே சிரித்தது, ஸோஃபல் உட்பட. ராம்பாஹ் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டார்.

"நம்பர் பதினாலு, தேர்ச்சி. முதலிடம்" என்றார் ஸோஃபல். எழுத்தர் எழுதிக்கொண்டே, "பெண்கள் கைவேலை வகுப்பு" என்று முணுமுணுத்தார்.

"மாதிரி வரையுற வகுப்பு" என்றாள் தெக்லா.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "அங்க பொண்ணுங்க சேர்றதில்லையே."

"சேரக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

எழுத்தர் ஸோஃபலைப் பார்த்தார். ஸோஃபல் கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தவர். "இல்ல. எழுதல" என்றார். "அவ சொல்றத எழுதுங்க." பிறகு தெக்லா பக்கம் திரும்பி, "மூணு மணிக்கு மேட்டுல பள்ளி அலுவலகம் மூடுது. தகப்பனார் கையெழுத்தோட படிவம் வந்து சேரணும். இன்னைக்கே. இல்லன்னா இந்த இடம் அடுத்த நம்பருக்குப் போயிடும். அது விதி, அது எழுதியிருக்கு."

கொட்டகைக் கடிகாரத்தில் இரண்டு இருபது.

தெக்லா படிவத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து கூடத்துக்குள் ஓடினாள். பன்னிரண்டு மெஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற கூடம். உள்ளே இடி விழுந்தால் கூடத் தெரியாது. அங்கே பெண்கள் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். வாசல் பக்கத்து மெஷினில் நூல் பார்ப்பவள் புருவத்தைத் தூக்கினாள். தெக்லா நெஞ்சைத் தொட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள். முதலிடம். அவள் திரும்பி அடுத்தவளுக்குக் காட்டினாள். அடுத்தவள் அதற்கடுத்தவளுக்கு. தெக்லா நடு வழியில் இருக்கும்போதே செய்தி கடைசி மெஷினுக்குப் போய்விட்டது. அங்கேதான் ஆல்வின்.

அவருக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்கத் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். கம்பியைக் கையில் பிடித்தபடியே மகள் வருவதைப் பார்த்தார். தெக்லா படிவத்தை அவர் முன்னால் பலகையில், குத்தியிருந்த படத்தின் மேல் வைத்தாள். கத்தினாள். "மூணு மணிக்குள்ள குடுக்கணும்! கையெழுத்து!"

அவர் காதைக் காட்டினார், கேட்கவில்லை என்று. தெக்லா மறுபடி கத்தினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டி நெம்புகோலைத் தள்ளினார். மெஷின் நின்றது. இரண்டாவது மெஷினும் நின்றது. அப்புறம் மூன்றாவது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, ஒவ்வொன்றாகப் பன்னிரண்டும் நின்றன. அந்தக் கூடத்தில் பகல் வேளையில் அவ்வளவு அமைதி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"யாருடா நிறுத்தச் சொன்னது? என்ன அறுந்துபோச்சு?" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

பின்னாலேயே வந்துவிட்ட மில்டா வாசலில் நின்று, "ஒண்ணும் அறுந்து போகல. இவளுக்கு வேற ஆள் பாக்குறேன்னு சொன்னீல்ல, பாரு!" என்றாள். இன்னும் கழுத்துப்பட்டியைக் கழற்றவில்லை அவள்.

ஆல்வின் படிவத்தை எடுத்து வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரலை வைத்து, ஒரு வரி விடாமல். தெக்லாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மாதிரி வரையுற வகுப்புன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அவங்களாப் போட்டாங்களா?"

"நான் போடச் சொன்னேன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "ம். பேனா குடு."

யாரிடமும் பேனா இல்லை. மேஸ்திரியின் சட்டைப் பையில் இருந்தது. மில்டா கேட்காமலே எடுத்தாள். ஆல்வின் எண்ணெய்க் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார், இரண்டு பக்கமும். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கோணவில்லை.

"போன வருஷம் நான் போட்டிருந்தா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"வேணாம்பா" என்றாள் தெக்லா. "போடாததுதான் சரி."

"மை காயல. மடிக்காத."

இரண்டு நாற்பது. தெக்லா தொட்டித் தண்ணீர் தெறித்த ஏப்ரனோடு, கலைந்த முடியோடு, படிவத்தை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மில் வாசலைத் தாண்டினாள். பின்னால் கூடத்துப் பெண்கள் எல்லாரும் ஜன்னலைத் திறந்து, "ஓடு! ஓடு!" என்று கத்தினார்கள். டிராம் வந்தது. நிற்கவில்லை அவள். டிராமை விட வேகமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.